டீசல் தொட்டியிலிருந்து எண்ணெய் வெளியேறாமல் இருக்க இரட்டைச் சுவர் போதுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒரு வணிக வளாகத்தில் ஜெனரேட்டர்களுக்கும் வண்டிகளுக்குமாகத் தரைக்கு மேல் இரண்டு டீசல் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று 20,000 லிட்டர், மற்றொன்று 10,000 லிட்டர். இரண்டும் ஒற்றைச் சுவர் இரும்புத் தொட்டிகள். எண்ணெய்க் கசிவு நேராமல் தடுக்க இரட்டைச் சுவர் தொட்டிக்கு மாறிவிடச் சொல்கிறார்கள், மாறினால் போதுமா?

போதாது. மாறுவது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் பட்டியலில் முதலாவதாக வர வேண்டியதில்லை. தொட்டி விற்பவரிடம் யோசனை கேட்டால் தொட்டியைத்தான் சொல்வார். ஒரு வளாகத்தில் எண்ணெய் வெளியே போகும் வழிகளைப் பார்த்தால், தொட்டியின் தகடு பிளந்து கொட்டுவது அரிது. நிரப்பும்போது வழிகிறது, ஹோஸ் கழன்று கொட்டுகிறது, குழாய் இணைப்பில் ஒழுகுகிறது, மூடியிருக்க வேண்டிய ஒரு வால்வு திறந்து கிடக்கிறது. இவற்றில் எதையும் இரண்டாவது சுவர் தடுக்காது. ஆகவே எண்ணெய் எந்த வழியாக வெளியேறுமோ அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் நிரப்பும் வேளை. டேங்கர் லாரியின் பம்பு நிமிடத்துக்கு 500 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் இரண்டு நிமிடம் கைபேசியில் பேசிவிட்டுத் திரும்பினால் ஆயிரம் லிட்டர் தரையில் நிற்கும். வேறு எந்தக் கோளாறும் இவ்வளவு வேகமாக இவ்வளவு எண்ணெயைக் கொட்டாது. இதற்கு மருந்து கருவியில் தொடங்குவதில்லை, கணக்கில் தொடங்குகிறது. லாரி வந்ததும், ஹோஸை மாட்டுவதற்கு முன், தொட்டியில் அளவுகோலை விட்டு எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பாக நிரப்பக்கூடிய அளவிலிருந்து அதைக் கழித்து, மீதமிருக்கும் இடத்தைத் தாளில் எழுத வேண்டும். லாரி இறக்கப்போகும் அளவு அந்த எண்ணுக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் வால்வில் கை வைக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் உங்கள் ஆள். லாரி ஓட்டுநர் அல்ல. அவருக்கு அடுத்த இடத்துக்குப் போகும் அவசரம் இருக்கும். 12,000 லிட்டருக்கு ஆர்டர் கொடுத்த நாளில் இருந்த இடம், லாரி வந்து நிற்கும் நாளில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இடையில் ஜெனரேட்டரே ஓடாமல் இருந்திருக்கலாம்.

பாதுகாப்பாக நிரப்பக்கூடிய அளவு என்றேன். அது தொட்டியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு அல்ல. டீசல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.08 சதவீதம் விரிகிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக ஏற்றி வந்த 20,000 லிட்டர், வெயிலில் நிற்கும் உங்கள் தொட்டியில் 15 டிகிரி சூடேறினால் சுமார் 240 லிட்டர் கூடிவிடும். விளிம்புவரை நிரப்பியிருந்தால் அந்த 240 லிட்டருக்குப் போக்கிடம் காற்றுப்போக்கிக் குழாய்தான். அதனால் 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தக் கோட்டைத் தொட்டியின் அளவுமானியிலேயே சிவப்புப் பெயின்டில் குறித்துவையுங்கள்.

இதற்குப் பிறகுதான் கருவிகள். ஓர் அளவுமானி, உயர்மட்ட எச்சரிக்கை மணி, அதற்கும் மேலே தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றும் ஒரே மிதவையை நம்பி இயங்கக் கூடாது. மிதவை சிக்கிக்கொண்டால் மூன்றும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். மணியை அலுவலகத்துக்குள் மாட்டிவிட்டு, நிரப்பும் ஆள் வெளியே பம்புச் சத்தத்துக்கு நடுவே நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மணி ஒலிக்க வேண்டிய இடம் அவருடைய காதருகே.

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் சேமிப்புக் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று நடந்ததை இதற்காகவே நினைவில் வைத்துக்கொள்ளலாம். 912 என்ற எண் கொண்ட பெட்ரோல் தொட்டிக்குள் குழாய் வழியாக எரிபொருள் வந்துகொண்டிருந்தது. அதிகாலையில் அளவுமானி ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது. எண்ணெய் ஏறிக்கொண்டே இருந்தது. திரையில் எண் மட்டும் மாறவில்லை. அப்படி ஒரு நிலைக்காகவே தனியாக வைத்திருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. அந்த சுவிட்சில் சோதனைக்காக ஒரு நெம்புகோல் உண்டு. சோதித்து முடித்ததும் அதைச் சரியான நிலையில் நிறுத்திப் பூட்டு ஒன்று போட வேண்டும். அந்தப் பூட்டு எதற்கு என்பது அங்கே யாருக்கும் புரியவில்லை, பூட்டும் போடப்படவில்லை. தொட்டியின் உச்சியிலிருந்து வழிந்த பெட்ரோல் ஆவி மேகமாகப் பரவி, காலை 6 மணி வாக்கில் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் எரிந்தன. 43 பேர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிரிழப்பு இல்லை. டீசல் பெட்ரோலைப் போல ஆவியாகி வெடிக்காதுதான். ஆனால் தொட்டி வழிந்த விதம் உங்கள் வளாகத்துக்கும் பொருந்தும். உங்கள் உயர்மட்ட மணியைக் கடைசியாக யார் சோதித்தார், எப்போது, சோதித்த பிறகு அதைப் பழைய நிலைக்குத் திருப்பினாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் ஏட்டில் இருக்க வேண்டும்.

நிரப்பும் இடத்தைப் பற்றி இன்னொன்று. தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள். நிரப்பும் குழாயின் வாய் அந்தச் சுவருக்கு வெளியே இருக்கும், ஏனென்றால் லாரி அங்கேதான் நிற்க முடியும். ஆக, ஆபத்து மிகுந்த வேலை முழுவதும் தடுப்புக்கு வெளியே நடக்கிறது. லாரி நிற்கும் தரை கான்கிரீட்டாக இருந்து, சற்றே உட்புறம் சரிந்து, ஒரு மூடிய குழியில் போய் முடிய வேண்டும். குழாய் வாயைச் சுற்றி ஹோஸில் மிஞ்சியதை ஏந்திக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும். பக்கத்தில் மழைநீர் வடிகாலின் வாய் இருந்தால், நிரப்பத் தொடங்கும் முன் அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு மூடுங்கள். ஹோஸை மாட்டியபடியே லாரியை ஓட்டிச் செல்வது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். லாரியின் சாவியை உங்கள் ஆள் வாங்கி வைத்துக்கொண்டு, ஹோஸைச் சுருட்டிய பிறகு திருப்பிக் கொடுக்கட்டும். செலவில்லாத இந்த ஏற்பாட்டுக்கு நிகரான கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது குழாய். தொட்டியின் அடியிலிருந்து புறப்பட்டு, தாழ்வான இடத்தில் இருக்கும் ஜெனரேட்டர் அறைக்குப் போகும் குழாயை ஒருமுறை முழுநீளமும் நடந்து பாருங்கள். அது எங்காவது உடைந்தால், தொட்டியில் இருப்பது முழுவதும் தன் எடையாலேயே வடிந்துவிடும்; பம்பை நிறுத்துவதால் பயன் இல்லை. தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து எடுக்கும் குழாயிலும், அதன் மறுமுனை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருந்தால், உறிஞ்சுகுழாய்த் (சைஃபன்) தத்துவப்படி இதேதான் நடக்கும். அதனால்தான் உறிஞ்சுகுழாய்த் தடுப்பு வால்வு ஒன்றைத் தொட்டியை ஒட்டி வைக்கிறார்கள். மண்ணுக்குள் புதைத்த குழாய் எனக்குப் பிடிக்காது. மண்ணுக்கு மேல் இருந்தால் ஒழுகுவது கண்ணில் படும். கீழே இருந்தால், வாங்கிய கணக்கும் செலவழித்த கணக்கும் பல மாதங்களாகப் பொருந்தவில்லை என்று யாராவது கவனித்தால்தான் உண்டு.

வெயிலில் கிடக்கும் குழாயில் இன்னொரு சிக்கல் உண்டு. இரு முனைகளிலும் வால்வை அடைத்துவிட்டால், நடுவில் சிக்கிய டீசல் சூட்டில் விரியும். திரவத்தை அமுக்க முடியாது. அழுத்தம் ஏறி, எங்கே கேஸ்கட் (இணைப்பில் ஒழுகாமல் வைக்கும் அடைப்பு வளையம்) பலவீனமோ அங்கே கிழித்துக்கொண்டு வரும். மாலையில் நன்றாக அடைத்துவிட்டுப் போன இடத்தில் மறுநாள் மதியம் எண்ணெய் நிற்பதற்குக் காரணம் தெரியாமல் தவிப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பிவிடும் சிறு வால்வு ஒன்று இதைத் தீர்த்துவிடும்.

சொட்டுதானே என்று விடாதீர்கள். ஒரு சொட்டு 0.03 மில்லிலிட்டர், நொடிக்கு ஒரு சொட்டு என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு 900 லிட்டருக்கு மேல். கீழே ஒரு டின்னை வைத்துவிட்டு அதை நிர்வாகம் என்று அழைப்பவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை.

இனி தடுப்புச் சுவர். மிகப்பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தின் 2001 எண்ணெய்ச் சேமிப்பு விதிகளும் அதையே கேட்கின்றன. அமெரிக்க விதிகள் சதவீதம் சொல்லாமல், மிகப்பெரிய தொட்டியின் அளவோடு மழைக்குப் போதுமான இடமும் வேண்டும் என்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் தொட்டிகளை வைத்தே காரணம் சொல்கிறேன். உட்புறம் 7 மீட்டருக்கு 6 மீட்டர் சுவர் என்று வையுங்கள். பரப்பு 42 சதுர மீட்டர். பெரிய தொட்டி ஒழுகும்போது சிறிய தொட்டி உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் விட்டம் 2.2 மீட்டர் என்றால் 3.8 சதுர மீட்டரைக் கழிக்க வேண்டும், மீதி 38.2. 20,000 லிட்டரின் 110 சதவீதம் 22,000 லிட்டர். அதற்கு 58 சென்டிமீட்டர் உயரம் போதும். ஆனால் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த 42 சதுர மீட்டருக்குள் விழும் நீர் 4,200 லிட்டர். விதி ஒதுக்கிய கூடுதல் இடமோ 2,000 லிட்டர்தான். மழையையும் சேர்த்தால் 64 சென்டிமீட்டர் வேண்டும். பெருமழை பெய்யும் ஊர் என்றால் இன்னும் உயர்த்த வேண்டும். உள்ளே பழைய டிரம்களையும் உடைந்த நாற்காலிகளையும் அடுக்கிவைத்திருந்தால் அவற்றின் கன அளவையும் கழித்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, அவற்றை வெளியே எடுத்துவிடுவது.

உயரம் சரியாக இருந்தாலும் சுவர் தொட்டியை ஒட்டி இருந்தால் பயன் குறைவு. தொட்டியின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் தாரையாகப் பீய்ச்சும். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 4 மீட்டர் எண்ணெய் நிற்கும் தொட்டியில் நடு உயரத்தில் விழும் ஓட்டையிலிருந்து தாரை 4 மீட்டர் தள்ளிப் போய் விழும். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் 64 சென்டிமீட்டர் சுவரை அது எளிதாகத் தாண்டும். இடம் இல்லாத வளாகங்களில் இதற்கு விடை, தடுப்புத் தகடு அல்லது இரட்டைச் சுவர் தொட்டி. உங்களுக்குச் சொன்ன யோசனைக்கு உண்மையான நியாயம் இருக்கும் இடம் இதுதான்.

சுவரை விட முக்கியம், சுவரிலிருக்கும் ஓட்டை. மழைநீரை வெளியேற்ற அடியில் ஒரு வடிகால் வால்வு இருக்கும். மழைக்காலத்தில் தினமும் திறந்து மூடுவது தொல்லை என்று யாராவது அதைத் திறந்தே விட்டுவிடுவார். நான் ஆய்வுக்குப் போன ஒரு கிடங்கில் சுவர் அருமையாகக் கட்டப்பட்டிருந்தது. வெள்ளையடித்து, கொள்ளளவைக்கூட எழுதியிருந்தார்கள். வடிகால் வால்வின் கைப்பிடி திறந்த நிலையில் துருவேறி, திருப்பவே முடியவில்லை. எத்தனை ஆண்டுகள் அந்தத் தொட்டிக்குத் தடுப்பு இல்லாமல் இருந்தது என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. வால்வு எப்போதும் மூடிப் பூட்டியிருக்க வேண்டும். சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும். மழை நின்றதும் நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மினுங்கினால் அந்த நீர் வடிகாலுக்குப் போகக் கூடாது. தனியாக எடுத்துச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். மினுங்காவிட்டால் திறந்துவிட்டு, வடியும்வரை அங்கேயே நின்று, மூடிப் பூட்டி, ஏட்டில் எழுத வேண்டும். நீர் ஏறியதும் தானாக இயங்கும் பம்பை மட்டும் வைத்துவிடாதீர்கள். அதற்கு நீருக்கும் டீசலுக்கும் வேறுபாடு தெரியாது.

சுவரைக் கட்டும்போதே கவனிக்க வேண்டியதும் உண்டு. பன்ஸ்ஃபீல்டில் தீயணைக்க ஊற்றிய நீரும் எரிபொருளும் கலந்து சுவர்களுக்கு வெளியே போய் நிலத்தடி நீரைக் கெடுத்தன. கான்கிரீட் பலகைகளுக்கிடையே இருந்த இணைப்புகள் தீயில் விட்டுக்கொடுத்தன. வார்ப்பின்போது அச்சுப்பலகையைப் பிடித்த கம்பிகள் இருந்த துளைகள் வழியாகவும் ஒழுகியது. சுவரைத் துளைத்துக்கொண்டு செல்லும் ஒவ்வொரு குழாயும் இதைப் போன்ற ஒரு துளைதான். முடிந்தவரை குழாயைச் சுவரின் மேலாக ஏற்றி இறக்குங்கள்.

தொட்டியின் இரும்புக்கு இப்போது வருவோம். டீசலில் சிறிதளவு நீர் எப்போதும் சேரும். காற்றிலிருக்கும் ஈரமே போதும். அது அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து அமிலத்தை வெளியிடும். அடித்தகடு உள்ளிருந்து அரிக்கும். ஆகவே தொட்டி ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். தாழ்ந்த முனையிலிருந்து நீரை அவ்வப்போது எடுக்க வேண்டும். எடுக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும்: நீர் தீர்ந்து டீசல் வரத் தொடங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. அடித்தகட்டின் வெளிப்புறம் ஈர மண்ணில் பதிந்திருந்தால் அங்கும் இதே கதை. கிடைமட்டத் தொட்டியைத் தாங்கிகளின் மேல் தூக்கி வைத்தால் குனிந்து பார்க்கவாவது முடியும். காற்றுப்போக்கிக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைபட்ட நிலையில் வேகமாக எண்ணெயை எடுத்தால் தொட்டி உள்வாங்கி நசுங்கும். நிரப்பினால் புடைத்து வெல்டிங் விடும்.

மாதம் ஒருமுறை உங்கள் ஆள் சுற்றிவந்து பார்ப்பதோடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதி பெற்ற ஆய்வாளரைக் கொண்டு மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளக்கச் செய்யுங்கள். தளத்திலேயே கட்டும் பெரிய தொட்டிகளுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ 653 என்ற ஆய்வுத் தரநிலை இருக்கிறது. தொழிற்சாலையில் செய்து வரும் உங்களுடையதைப் போன்ற சிறிய தொட்டிகளுக்கு, அமெரிக்க இரும்புத் தொட்டி நிறுவனத்தின் எஸ்டிஐ எஸ்பி001.

பழைய தொட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஃப்ளோரெஃப் சம்பவத்தைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1988 ஜனவரி 2 அன்று, வேறோர் இடத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்து, பிரித்தெடுத்து மீண்டும் பொருத்தப்பட்ட தொட்டி ஒன்றை முதன்முறையாக நிரப்பி முடிக்கும் தறுவாயில், தகடு மேலிருந்து கீழ்வரை பிளந்தது. பழைய இரும்பில் ஏற்கெனவே ஒரு குறை இருந்தது. குளிரில் இரும்பு நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. முழு உயரத்துக்கும் நீர் நிரப்பிச் சோதிக்கவும் இல்லை. ஏறக்குறைய 40 லட்சம் கேலன் டீசல் ஒரே அலையாக எழுந்து தடுப்பைத் தாண்டியது. அதில் சுமார் 7.5 லட்சம் கேலன், பக்கத்து நிலத்தில் மூடாமல் கிடந்த மழைநீர் வடிகால் வழியாக மொனாங்ககீலா ஆற்றில் கலந்தது. கீழ்க்கரை ஊர்களில் குடிநீர் எடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. எவ்வளவோ பெரிய தொட்டி. கடைசியில் எண்ணெய்க்கு ஆற்றைக் காட்டியது ஒரு வடிகால் வாய்.

அதனால், உங்கள் வளாகத்தின் ஒவ்வொரு வடிகாலும் எங்கே போய் முடிகிறது என்ற வரைபடம் உங்களிடம் இருக்க வேண்டும். கட்டடம் கட்டியவரின் வரைபடத்தை நம்பாதீர்கள். ஒரு வாளி நீரில் உணவுச் சாயம் கலந்து ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று நேரில் பாருங்கள். உறிஞ்சு பஞ்சு, மணல், வடிகால் மூடும் விரிப்பு, மண்வெட்டி, கையுறை ஆகியவை லாரி நிற்கும் இடத்துக்கு இருபது அடிக்குள் இருக்கட்டும். சாவி தேட வேண்டிய அறைக்குள் பூட்டிவைக்காதீர்கள். கொட்டினால் முதலில் பம்பையும் வால்வையும் நிறுத்துவது, பிறகு வடிகாலை மூடுவது, அதற்குப் பிறகே துடைப்பது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிடவே கூடாது. சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக்கி நீரோடு கலந்துவிடும். பிறகு எண்ணெய் பிரிக்கும் தொட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது.

இரட்டைச் சுவர் தொட்டிக்கு விலை கேட்கும்போது, இரு சுவர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் எண்ணெய் இறங்கினால் காட்டும் கருவி விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் உட்சுவர் ஓட்டையானது உங்களுக்குத் தெரியாமலேயே பல ஆண்டுகள் போய்விடும். அதே தாளில் தனி உயர்மட்ட சுவிட்ச், உறிஞ்சுகுழாய்த் தடுப்பு வால்வு, நிரப்பும் வாய்க்கான பெட்டி ஆகியவற்றுக்கும் தனித்தனியே விலை வாங்குங்கள். புதுத் தொட்டி, இந்தக் கருவிகள் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பின்னால் சொன்ன மூன்றையும் இருக்கிற தொட்டிகளில் பொருத்திவிட்டு, புதுத் தொட்டியை அடுத்த தடிமன் அளவீடு வரும்வரை தள்ளிப்போடுவேன்.